தவழும் குழந்தை உள்ள வீட்டில் எதை மாற்றுவது, எதை நிறுத்துவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமியாருடன் வசிக்கிறீர்கள். தவழத் தொடங்கியிருக்கும் எட்டு மாதப் பெண் குழந்தையும், மழைக்காலத்தில் மூச்சு இளைப்பு வரும் ஐந்து வயதுப் பையனும் இருக்கிறார்கள். ஏற்காட்டிலிருந்து உங்கள் அம்மா தேனும் பூந்திக்கொட்டையும் கொடுத்தனுப்புகிறார். துணி துவைப்பது முதல் கொசு விரட்டுவது வரை எல்லாவற்றையும் நச்சில்லாத இயற்கைப் பொருள்களாக மாற்றித் தருவதாக ஒரு கடைக்காரர் மாதத் தொகுப்பு ஒன்றைக் காட்டியிருக்கிறார். அதை வாங்கலாமா, இல்லையென்றால் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். கீழ்த்தளத்தில் உங்கள் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருப்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, கேள்வியில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரியது என்பது என் கணிப்பு.

தொகுப்பை வாங்க வேண்டாம். அதிலுள்ள பொருள்கள் கெட்டவை என்று பார்க்காமலேயே சொல்ல மாட்டேன். ஆனால் நச்சைக் குறைக்க விரும்பும் வீட்டில் முதல் வேலை, வெளியே போக வேண்டியவற்றை வெளியேற்றுவது. அதைச் செய்யாமல் பத்துப் புதிய புட்டிகளை உள்ளே கொண்டுவந்தால், குழந்தையின் கைக்கு எட்டும் புட்டிகளின் எண்ணிக்கை மட்டுமே கூடும். மருந்தாளுநராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதை வைத்து அதன் தீங்கை அளவிட முடியாது. எவ்வளவு, எந்த வழியாக, யாருடைய உடலுக்குள் போகிறது என்பதை வைத்தே அளவிட வேண்டும். தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும் எட்டுக் கிலோ எடையுள்ள உடலுக்குப் பெரியவர்களின் கணக்குப் பொருந்தாது.

முத்திரைகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருளின் மேல் ‘ஆர்கானிக்’ என்று அச்சிடுவதற்கு 2017ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி சான்று தேவை; ஜைவிக் பாரத் சின்னத்தையும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணையும் பார்த்து வாங்கலாம். தரை துடைக்கும் திரவத்தின் மேல் ‘இயற்கை’, ‘மூலிகை’ என்று போட்டுக்கொள்ள அப்படிப்பட்ட தேர்வு எதையும் கடக்க வேண்டியதில்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதைப் பலர் அச்சிடுவதே இல்லை. பச்சை இலைப் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், உட்பொருள்களை எழுதியிருப்பவருக்குக் கொடுங்கள்.

இனி மூச்சுக்கு வருகிறேன். பையனுக்கு இளைப்பு இருப்பதால், இங்கே செய்யும் மாற்றம்தான் முதலில் பலன் தரும். 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு இணையாக இருப்பதாகக் கணக்கிட்டது. இதைக் கேட்டவுடன் பலர் ‘மூலிகைக் கொசு ஊதுபத்தி’க்கு மாறிவிடுகிறார்கள், என் பார்வையில் அது சுருளைவிட மோசமான தேர்வு. வீட்டில் பயன்படுத்தும் பூச்சிக்கொல்லி எதுவாக இருந்தாலும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் அட்டையில் இருக்க வேண்டும். கடையில் அந்த ஊதுபத்திப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் வேப்பிலையும் துளசியும் இருக்கும். பின்பக்கம் விலை, ஊர்ப் பெயர், ‘குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது’ என்ற வரி ஆகியவை இருக்கும். பல பெட்டிகளில் பதிவு எண் இருக்காது, மருந்தின் பெயரும் இருக்காது. வேப்பிலைப் புகைக்குக் கொசு அவ்வளவு சீக்கிரம் சுருண்டு விழுவதில்லை. விழுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. டைமெஃப்ளூத்ரின் போன்ற வேதிப் பூச்சிக்கொல்லிகள் இத்தகைய பதிவற்ற பத்திகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. எது, எவ்வளவு என்றே தெரியாத ஒன்றைக் குழந்தை தூங்கும் அறையில் கொளுத்துவதைவிட, பெயரும் அளவும் அச்சிட்ட, மின்கருவியில் செருகும் கொசுவிரட்டித் திரவத்தைச் சன்னலைத் திறந்துவைத்துச் சிறிது நேரம் பயன்படுத்திவிட்டு நிறுத்துவது மேல்.

இரண்டும் வேண்டாம் என்றால் கொசுவலை இருக்கிறது. தொட்டிலுக்கு ஒன்று, கட்டிலுக்கு ஒன்று, சன்னல்களுக்கு வலை. இதைவிட நச்சற்ற கொசு விரட்டி எந்தத் தொகுப்பிலும் கிடையாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது என்பதால், பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். சேலத்தில் குடிநீர் நாள் இடைவெளி விட்டு வருவதால் எல்லா வீடுகளிலும் டிரம்மும் தொட்டியும் நிரம்பியே இருக்கின்றன. அந்தக் கொசு முட்டையிடுவது அவற்றின் உட்சுவரில்தான். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டிவையுங்கள். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கலந்த பூச்சுகளை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்பது மருத்துவ அறிவுரை. தொகுப்பில் அது இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாம்பிராணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தலைக்குக் குளிப்பாட்டியதும் குழந்தையின் தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். புகை எந்தப் பிசினிலிருந்து வந்தாலும் நுரையீரலுக்குப் புகைதான். கரித்தூளும் மரத்தூளும் வாசனையும் சேர்த்து அச்சில் வார்த்த கம்ப்யூட்டர் சாம்பிராணியாக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. முடியைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். பூசையறையில் வெள்ளிக்கிழமை ஒருமுறை போடுவதென்றால், குழந்தைகள் வேறு அறையில் இருக்கும்போது போட்டுவிட்டுச் சன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள். மாமியாரிடம் சண்டை வராமல் இருக்க இதுவே வழி.

அடுத்தது குழந்தையின் வாய்க்குள் போகிறவை. இங்கேதான் ‘இயற்கை’ என்ற நம்பிக்கை அதிகமாகக் காலை வாரிவிடுகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உரைமருந்து கொடுப்பதாகவும், குழந்தையின் கையில் வசம்பு வளையல் கட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் இருப்பதால், அதைச் சந்தேகிப்பது பெரியவர்களை அவமதிப்பதுபோலத் தோன்றும். ஆனால் நம் நாட்டு வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் மிகுதியாக இருக்கிறது. விலங்குகளில் அது புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968ஆம் ஆண்டிலேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. விளக்கில் சுட்டு உரைப்பதால் அது முழுவதும் நீங்கிவிடுகிறது என்று நம்பி இருந்துவிட முடியாது. வளையலைப் பெரும்பாலோர் வெறும் காப்பு என்று நினைக்கிறார்கள். பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை நாள் முழுவதும் சப்புவது அதைத்தான். நூல் அறுந்தால் துண்டு தொண்டையில் சிக்கும். இன்றே கழற்றிவிடுங்கள். உரைமருந்தை எவ்வளவு தேய்த்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு அளவே இல்லை. ஜாதிக்காயும் கடுக்காயும் அப்படித்தான்.

அம்மா அனுப்பும் தேன் நல்ல தேனாகவே இருக்கட்டும். ஒரு வயது நிரம்பும்வரை சின்னவளுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம், நாக்கில் தடவுவதற்கும் வேண்டாம். தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது, கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சுடவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. மலைத்தேனா கடைத்தேனா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஐந்து வயதுப் பையன் தாராளமாகச் சாப்பிடலாம்.

வேப்பெண்ணெயை வயிற்றுப் பூச்சிக்குப் புகட்டுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் அப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டு, சிலர் இறந்தும் போனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்காட்டில் சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போகும் யூகலிப்டஸ் தைலமும் அப்படியே: சில மில்லிலிட்டரை விழுங்கினாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். சூடம் அதைவிடக் கொடியது. ஒரு கிராம் அளவே சின்னஞ்சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். பார்வைக்கோ கற்கண்டு மாதிரி இருக்கும். சளிக்குச் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதைக் கைக்குழந்தைக்குச் செய்யாதீர்கள், தோல் வழியாகவும் அது உள்ளே போகும். பூசையறைச் சூடப் பெட்டி மேல் தட்டுக்குப் போகட்டும். பீரோவில் உள்ள அந்துருண்டைகள் வீட்டைவிட்டே போகட்டும். கண்மை வேண்டாம், வீட்டில் விளக்கேற்றிப் பிடித்த மையானாலும் வேண்டாம். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது வேண்டாம்.

தரைக்கு வருகிறேன். தெருவில் வண்டியில் வந்து பழைய தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றிக் கொடுக்கும் பினாயிலையும் ஆசிட்டையும் நிறுத்துவதுதான் முக்கியமான வேலை. அதில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது, ஐந்து வயதுப் பையனுக்கோ அது குளிர்பானம். அடுத்தபடியாக, வாசல் தெளிக்கும் சாணிப்பவுடர். நம் பக்கத்திலும் கொங்குப் பகுதியிலும் சாணிக்குப் பதிலாக வாங்கும் அந்த மஞ்சள், பச்சைப் பொடிகளுக்கும் சாணத்துக்கும் எந்த உறவும் இல்லை. மஞ்சள் பொடி ஆரமின் ஓ, பச்சைப் பொடி மலாக்கைட் கிரீன்; இரண்டும் துணிக்கும் தாளுக்கும் போடும் செயற்கைச் சாயங்கள், இரண்டும் நச்சு. தவழும் குழந்தை உள்ள வீட்டு வாசலில் அது இருக்கவே கூடாது. வெறும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டால் மங்கலம் ஒன்றும் குறைந்துவிடாது.

உள்ளே அன்றாடம் துடைப்பதற்குச் சுடுதண்ணீரும் சில துளி பாத்திரச் சோப்புத் திரவமும் போதும். நுண்ணுயிரியைக் கொல்ல வேண்டிய தேவை கழிவறையிலும், யாருக்காவது வயிற்றுப்போக்கு இருக்கும்போதும்தான் வருகிறது. பழத்தோலில் செய்யும் உயிர்நொதித் திரவம் இப்போது நாகரிகமாகிவிட்டது. மூன்று பங்கு ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், ஒரு பங்கு வெல்லம், பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் ஊறவைப்பது. கண்ணாடி பாட்டிலில் செய்து மூடியை இறுக்கிவிட்டால் வாயு சேர்ந்து வெடிக்கும், ஆகையால் பிளாஸ்டிக் ஜாடியில் செய்து, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கையும் உப்புக்கறையையும் அது ஓரளவு நன்றாகவே எடுக்கும். ஆனால் அது கிருமிநாசினி என்று எண்ணிவிடாதீர்கள். புளித்த அமிலம் என்பதால் கடப்பாக் கல்லையும் சலவைக்கல்லையும் அரித்துவிடும். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் கழிவறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; வினிகர், எலுமிச்சைச் சாறு, இந்த நொதித் திரவம் ஆகிய ‘இயற்கை’ அமிலங்களைக் கலந்தாலும் அதே வாயுதான். மூடிய குளியலறையில் இளைப்புள்ள குழந்தைக்கு அது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போய்விடும்.

பூந்திக்கொட்டையை மனதார வரவேற்கிறேன். சேலத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து துணியில் வெள்ளைப் படலமாக ஒட்டும். பூந்திக்கொட்டையில் உள்ள சபோனின் அப்படித் திரிவதில்லை. விதையை நீக்கி, கைப்பிடி தோலை இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பட்டுக்கும் குழந்தைத் துணிக்கும் ஏற்றது. அது கெடாமல் இருக்க எதுவும் சேர்க்காததால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். ஆகவே அன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், விழுங்கினால் வாந்தி வரும் என்பதால் இதுவும் கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டியதே. அழுக்கேறிய பட்டறைத் துணிக்கு இது போதாது, அதற்கு வாசனையில்லாத சாதாரணச் சோப்புத்தூளே சரி.

சமையலறையில் நம்மூர்ச் சரக்கை வாங்குவது எளிது, கண்ணைத் திறந்துவைத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான். பொங்கலை ஒட்டி ஓமலூர்ப் பக்கத்து வெல்ல ஆலைகளில் சர்க்கரையும் ஹைட்ரோஸும் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. ஹைட்ரோஸ் என்பது வெல்லத்தை வெளுக்கவைக்கும் கந்தகச் சேர்மம். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இளைப்பு உள்ளவர்களில் சிலருக்கு இந்தச் சேர்மம் மூச்சுத் திணறலைத் தூண்டுகிறது என்பதால், பையனை முன்னிட்டுப் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை விட்டுவிட்டுக் கருத்த வெல்லத்தை வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சவ்வரிசிக்கும் இதே பாடம். பழுப்பு சாயல் கலந்த வெள்ளைதான் அதன் இயல்பு நிறம், பால்போல் வெளுத்திருந்தால் வெளுக்கவைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மஞ்சளை விரலியாக லீ பஜாரில் வாங்கி அரைப்பது நல்லது என்பார்கள். அது பாதி உண்மை. ஈய குரோமேட் என்ற மஞ்சள் நிறமி விரலிக்கு மெருகேற்றும்போதே பூசப்படுவதும் உண்டு. ஆகவே தங்கம்போல் மின்னும் விரலியைத் தவிர்த்து, மங்கிய மண் நிறமுள்ளதை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரையுங்கள்.

பாத்திரத்தில் நாகரிகம் எதையும் துரத்த வேண்டாம். எவர்சில்வரும் இரும்பும் போதும், விருப்பமிருந்தால் சேலத்து மாக்கல் சட்டியைப் பழக்கிக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் ஆசை இருந்தால், அது வெள்ளீயமா காரீயம் கலந்ததா என்று சோதிக்காமல் வேண்டாம். புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்துக் குழந்தையின் மூளைக்கே அனுப்பும்.

சித்த மருந்து பற்றி ஒரே ஒரு சொல். மருந்து உரிம எண், உட்பொருள் பட்டியல், காலாவதி நாள் மூன்றும் இல்லாத சூரணத்தையும் லேகியத்தையும் வாங்காதீர்கள். பட்டியலில் ரசம், லிங்கம், தாளகம் ஆகியவை இருந்தால் அவை பாதரசமும் ஆர்செனிக்கும் கொண்டவை, பதிவு பெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்து எழுதிக் கொடுக்காமல் குழந்தைகளுக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

இப்போது பட்டறை. வெள்ளியை ஒட்டவைக்கப் பற்றவைப்புப் பொடி வைத்து ஊதும்போது எழும் உலோகப் புகை, மெருகுச் சக்கரத்திலிருந்து பறக்கும் தூசி, திராவகத்தின் ஆவி ஆகிய மூன்றும் படியேறி வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி உங்கள் கணவரின் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறியே வருகிறது. அவர் மாலையில் அப்படியே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால், மேலே நான் எழுதிய எல்லாம் வீண். பற்றவைப்புக் கலவையில் காட்மியமும் ஈயமும் இல்லை என்பதைப் பொடி தருபவரிடம் அவர் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டறைக்கும் மாடிக்கும் நடுவில் கதவு போட்டு அடைத்து, தெருப்பக்கம் காற்றை இழுக்கும் விசிறி வையுங்கள். வேலைச் சட்டையும் செருப்பும் கீழேயே கழற்றப்பட வேண்டும். கைகால் முகம் கழுவி, முடிந்தால் குளித்துவிட்டே மேலே வர வேண்டும். அந்தத் துணிகள் குழந்தைத் துணியோடு ஒரே வாளியில் விழக் கூடாது. மாடிப்படியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கலாமா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் பட்டறையைப் பற்றிச் சொல்லிக் கேளுங்கள். பையனின் இளைப்பைப் பற்றி இதுவரை பேசியபோது இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

திராவகம் வாங்கிவந்த புட்டியிலேயே, பெயர் ஒட்டி, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். எதையாவது குழந்தை விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அமிலமும் மண்ணெண்ணெயும் மேலே வரும்போது இரண்டாம் முறை சேதம் செய்யும். வாயைத் துடைத்துவிட்டு, 108ஐ அழைத்து, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போங்கள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அது பக்கம்தான். ஏற்காட்டில் அம்மா வீட்டில் தங்கும்போதோ இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆகவே குழந்தைகள் அங்கே போவதற்கு முன்பே தைலம், சூடம், மண்ணெண்ணெய், தோட்டத்துப் பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டிவைக்கும்படி அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.